இளைப்பு: மூச்சும் எடையும். இரு நோயாளிகளின் நிகழ்வு ஆய்வு

தமிழில் ‘இளைப்பு’ என்றால் மூச்சு வாங்குவது. ‘இளைத்துவிட்டார்’ என்றால் உடம்பு மெலிந்துவிட்டார். நுரையீரல் நோயில் இந்த இரண்டும் ஒன்றோடொன்று எவ்வளவு பின்னிக்கிடக்கின்றன என்பதை, ஒரே புகாரோடு வரும் இரண்டு பேரை வைத்துப் பார்க்கலாம். இருவர் சொல்வதும் ஒன்றுதான்: ‘நாலு அடி நடந்தா மூச்சு வாங்குது.’ இருவர் கையிலும் இன்ஹேலர் இருக்கிறது. ஒருவருக்கு எடை ஏறியாக வேண்டும், மற்றவருக்கு இறங்கியாக வேண்டும். இரண்டையும் கவனிக்காமல் மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டிருந்ததுதான் இருவருக்கும் நடந்த தவறு.

கீழே உள்ள இரண்டு விவரங்களும் நுரையீரல் பிரிவில் வழக்கமாகக் காணும் பலருடைய நிலைகளைச் சேர்த்து, கற்பதற்காகக் கோத்தவை. எந்தத் தனி மனிதரையும் குறிப்பவை அல்ல.

முதல் நோயாளி: 43 கிலோ

61 வயது ஆண், விசைத்தறித் தொழிலாளி. 35 வருடமாகத் தினம் ஒரு கட்டு பீடி. 14 வருடம் முன்பு காசநோய் வந்து, ஆறு மாத மருந்தை முழுதாக முடித்தவர். மூன்று வருடமாகச் சிஓபிடி (மூச்சுக்குழாய் சுருங்கிப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய்) என்று சிகிச்சை நடக்கிறது. உயரம் 164 செ.மீ., எடை 43 கிலோ, பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 16. இரண்டு வருடம் முன்பு 54 கிலோ இருந்தார். கடைசி ஆறு மாதத்தில் மட்டும் 48-இலிருந்து 43-க்கு வந்திருக்கிறார். அதாவது ஆறே மாதத்தில் உடம்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. பழைய சீட்டுகள் ஒன்றில்கூட எடை எழுதப்படவில்லை. 54 என்ற எண்ணே ரேஷன் கடைத் தராசில் பேரனோடு விளையாட்டாக ஏறி நின்றதால் அவருக்கு நினைவிருந்தது.

ஸ்பைரோமெட்ரி என்ற ஊதிப் பார்க்கும் சோதனையில், முதல் ஒரு நொடியில் ஊதும் காற்று (எஃப்இவி1) எதிர்பார்த்ததில் 38%. மொத்தமாக ஊதும் காற்றோடு அதன் விகிதம் 0.46. மூச்சுக்குழாய் சுருங்கியிருப்பதில் சந்தேகமே இல்லை. உட்கார்ந்திருக்கும்போது ஆக்சிஜன் 93%, நடந்தால் 87%. ஆறு நிமிட நடையில் 230 மீட்டர். சமதளத்தில் நூறு மீட்டர் போனால் நின்று மூச்சு வாங்கும் அளவு இளைப்பு, அதாவது இளைப்பை அளக்கும் எம்எம்ஆர்சி அளவுகோலில் 3.

புகைபிடித்தவர், காசநோய் வந்தவர், எடை குறைகிறது என்றால் அதைச் சிஓபிடி கணக்கில் எழுதிவிடுவதற்கு முன் நான்கு கதவுகளைத் தட்டிப் பார்த்தே ஆக வேண்டும்: மீண்டும் காசநோய், நுரையீரல் புற்றுநோய், சர்க்கரை நோய், தைராய்டு மிகைச் சுரப்பு. இவருக்குச் சளியில் காசநோய்க் கிருமியைத் தேடும் சிபிநாட் சோதனை இரண்டு முறையும் எதிர்மறை. சிடி ஸ்கேனில் இடது மேல் பகுதியில் பழைய தழும்பும் இரண்டு பக்கமும் எம்ஃபிசீமாவும் (காற்றுப்பைகள் சிதைவது) இருந்தன, கட்டி இல்லை. சர்க்கரைக்கான ஹெச்பிஏ1சி 5.9, தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் சரியான அளவில். தமிழ்நாட்டில் இந்த வரிசையைத் தாண்டக் கூடாது. 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், புதிதாகக் கண்டறியப்படும் வயதுவந்த காசநோயாளிகளை முதலில் எடை, மூச்சு வேகம், ஆக்சிஜன், தானாக நிற்க முடிகிறதா என்று பார்த்துத் தரம் பிரிப்பது, எடை இழப்பு அவ்வளவு ஆபத்தானது என்பதால்தான். பிஎம்ஐ 14-க்குக் கீழே இருப்பவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் அவர் அபாய நிலையில் இருப்பவர்.

கட்டில் பக்கம் செய்த இரண்டு அளவுகள் தராசைவிட அதிகம் சொல்லின. கெண்டைக்காலின் பெருத்த இடத்தில் நாடா சுற்றினால் 27 செ.மீ. ஆசிய ஆண்களுக்கு 34-க்குக் கீழே போனாலே தசை இழப்பைச் சந்தேகிக்க வேண்டும். கைப்பிடி வலிமை 19 கிலோ, இருக்க வேண்டியது குறைந்தது 28. கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தால் குழி விழவில்லை. விழுந்திருந்தால் அந்த 43-ஐயும் நம்ப முடியாது. வலது இதயம் சோர்ந்து நீர் கோத்தவர்களிடம் தராசு மூன்று நான்கு கிலோ பொய் சொல்லும்.

2004-இல் வெளிவந்த ‘போட்’ மதிப்பெண் நான்கு விஷயங்களைக் கூட்டுகிறது: பிஎம்ஐ, மூச்சடைப்பு, இளைப்பு, நடக்கும் தூரம். பிஎம்ஐ 21 அல்லது அதற்குக் கீழே என்றால் 1. இவருக்கு அந்த 1, எஃப்இவி1-க்கு 2, இளைப்புக்கு 2, நடைக்கு 2. மொத்தம் 10-க்கு 7. அந்த ஆய்வில் 7 முதல் 10 வரை பெற்ற குழுவில் 52 மாதங்களில் ஏறத்தாழ 80% பேர் இறந்தார்கள். இந்த நான்கில் எஃப்இவி1 மட்டும்தான் மருந்தால் பெரிதாக அசையாதது. மற்ற மூன்றையும் சோறும் நடையும் அசைக்கும்.

ஏன் மெலிகிறார்?

இயல்பான நுரையீரல் உள்ளவர் மூச்சு விடுவதற்கு மட்டும் ஒரு நாளில் செலவழிப்பது 36 முதல் 72 கலோரி என்பது பாடநூல்களில் வரும் கணக்கு. முற்றிய சிஓபிடியில் அது 430 முதல் 720 வரை போகலாம். இவர் உட்கார்ந்தபடியே தினமும் சில மைல் நடந்தவர் அளவுக்குச் செலவழிக்கிறார். அதற்கு மேல் நோயின் அழற்சி தசைப்புரதத்தைக் கரைக்கிறது. நடக்க முடியாததால் தொடைத்தசை வற்றுகிறது. இளைப்பு கூடும்போதெல்லாம் கடையில் வாங்கிப் போட்ட ஸ்டீராய்டு மாத்திரையும் அதே தசையைத் தின்கிறது. உதரவிதானமும் தசைதான். உடம்பு மெலியும்போது மூச்சை இழுக்கும் எஞ்சினும் மெலிகிறது.

அவர் சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் மீதி புரியும். முதல் கவளத்தை வாயில் வைக்கிறார். மெல்லும்போது மூக்கால் மட்டும் மூச்சு, அது போதவில்லை. விழுங்கும் நொடியில் மூச்சு நிற்கிறது. விழுங்கியதும் தோளைத் தூக்கி மூன்று நான்கு முறை இழுக்கிறார். ஆக்சிமீட்டர் 93-இலிருந்து 89-க்கு இறங்குகிறது. ஐந்தாவது கவளத்தில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ‘வயிறு ரொம்பிருச்சு’ என்கிறார். வயிறு நிரம்பவில்லை. காற்று தேங்கி உப்பிய நுரையீரல் உதரவிதானத்தைத் தட்டையாக்கிக் கீழே தள்ளியிருக்கிறது, கீழிருந்து இரைப்பை முட்டுகிறது, அவசரமாக விழுங்கியதில் காற்றும் உள்ளே போயிருக்கிறது. அவருக்குப் பசி இல்லாமல் போகவில்லை. சாப்பிடுவது மூச்சோடு சண்டை போடும் வேலையாகிவிட்டது.

இதோடு பத்தியமும் சேர்ந்துகொண்டது. பால் சளி கட்டும், தயிர் குளிர்ச்சி, வாழைப்பழம் ஆகாது, முட்டை சூடு என்று மூன்று வருடத்தில் ஒவ்வொன்றாக வீட்டில் நிறுத்தியிருந்தார்கள். மீதி இருந்தது இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் ரசம் சாதம், இரவில் ஒரு தோசை, நாலு டீ. கூட்டிப் பார்த்தால் சுமார் 1,050 கலோரி, புரதம் 28 கிராம். பால் குடித்தால் எச்சில் சற்றுக் கெட்டியாகித் தொண்டையில் ஒட்டுவதுபோல் தோன்றும். நுரையீரலில் சளி அதனால் கூடுவதில்லை. பாலுக்குப் பின் கொஞ்சம் வெந்நீர் குடித்தால் அந்த ஒட்டல் போய்விடும். மனைவியை எதிரே உட்கார வைத்து இதைச் சொல்ல வேண்டும். சமைப்பவர் நம்பாவிட்டால் மருத்துவர் எழுதும் எந்தப் பட்டியலும் அடுப்படிக்குள் நுழையாது.

சாப்பாட்டைத் திருத்திய விதம்

இலக்கு கிலோவுக்கு 40 கலோரி, 1.5 கிராம் புரதம். 43 கிலோவுக்குச் சுமார் 1,700 கலோரி, 65 கிராம் புரதம். ஆனால் முதல் நாளே 1,700 கொடுப்பது ஆபத்து. பிஎம்ஐ 18.5-க்குக் கீழே இருந்து, சில மாதத்தில் 10% எடையும் போனவருக்குத் திடீரென்று சோறு போட்டால் இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றும் சரியலாம். பாஸ்பேட் சரிந்தால் உதரவிதானம் இன்னும் தளரும். எடை கூட்டப் போய் வென்டிலேட்டரில் முடியும் கதை இதுதான். எனவே இப்போது சாப்பிடுவதிலிருந்து தொடங்கி மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை 150 முதல் 200 கலோரி மட்டும் கூட்டினோம். தயாமின் (வைட்டமின் பி1) மாத்திரை முதல் நாளிலிருந்தே. முதல் பத்து நாளில் மூன்று முறை அந்த உப்புகளைப் பார்த்தோம்.

மூன்று வேளை ஆறு வேளையானது. அளவைக் கூட்டாமல் கனத்தைக் கூட்டுவதுதான் சூத்திரம். இட்லியோடு நீர்ச் சட்னிக்குப் பதில் பொடியும் இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெயும். ஒரு டீஸ்பூன் எண்ணெய் 45 கலோரி, வயிற்றில் இடமே பிடிக்காது. 200 மி.லி. பாலில் 15 கிராம் பால் பவுடர் கலந்தால் அதே டம்ளரில் 5 கிராம் புரதம் கூடுகிறது. காலை 11 மணிக்கு ஒரு கை வேகவைத்த நிலக்கடலை. பல் போனவர்கள் பொட்டுக்கடலை மாவை நெய்யில் பிசைந்து சாப்பிடலாம். மதியம் சாதத்தைக் குழைய வடித்து, கெட்டிப் பருப்பும் முட்டையும். ரசத்தைக் கடைசியில், அதுவும் அரை டம்ளர். முதலில் ரசமும் மோரும் குடித்தால் சோற்றுக்கு இடம் இருக்காது. ஒரு நாளில் இரண்டு முட்டை, இரவில் பாலோடு ஒரு வாழைப்பழம்.

நேரமும் முக்கியம். சாப்பிடும் முன் அரைமணி நேரம் ஓய்வு. குளித்துவிட்டு உடனே உட்காரக் கூடாது. சாப்பிட 15 நிமிடம் முன்பு மூச்சுக்குழாய் விரிக்கும் இன்ஹேலர் இரண்டு பஃப், ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குடுவை) வைத்து. உட்கார்ந்து முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டால் தோள் தசைகளும் மூச்சுக்கு உதவும். இரண்டு கவளத்துக்கு ஒருமுறை கையை வைத்துவிட்டு, மூக்கால் இழுத்து, விசிலடிப்பதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக ஊத வேண்டும். வீட்டில் ஆக்சிஜன் பயன்படுத்துபவர்கள் சாப்பிடும்போது குழாயைக் கழற்றி வைப்பது பரவலான தவறு. மூக்குக் குழாயோடே சாப்பிடலாம். ஆனால் அது பக்கத்தில் இருக்கும்வரை விறகடுப்போ கேஸ் அடுப்போ அருகில் போகக் கூடாது.

மருந்திலும் இரண்டு மாற்றம். மூச்சுக்குழாயை விரிக்கும் தியோபிலின் மாத்திரை குமட்டலைத் தருகிறது, அதை நிறுத்தினோம். வாயைத் திறந்து பார்த்தபோது நாக்கில் வெள்ளைப் படலம் இருந்தது. ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தபின் வாய் கொப்பளிக்காததால் வந்த பூஞ்சை. அதற்கு மருந்து கொடுத்த நாலாம் நாளில் காரம் சாப்பிட முடிந்தது. மூன்று வருடமாக யாரும் அந்த வாயைத் திறக்கச் சொல்லவில்லை.

நாலாம் வாரம் எடை 43.4. பெரிய முன்னேற்றம் இல்லை. விசாரித்தால், மகன் அன்போடு வாங்கிக் கொடுத்த புரத மாவு டப்பா காரணம். காலையில் ஒரு பெரிய டம்ளர் குடித்துவிட்டு இட்லியைத் தவிர்த்திருக்கிறார். ஒரு டப்பா விலைக்கு இரண்டு மாதத்துக்கு முட்டையும் கடலையும் வரும். சாப்பாட்டுக்குப் பதிலாக அல்ல, சாப்பாட்டுக்கு மேல் மட்டும் என்றால் அந்த மாவில் தவறில்லை. சிஓபிடிக்கென்று கொழுப்பு கூட்டி மாவுச்சத்து குறைத்த விசேஷப் பவுடர்களும் விற்கின்றன. மாவுச்சத்து எரியும்போது கரியமிலவாயு கூடுதலாக வரும் என்பது உண்மைதான். நிலையாக இருக்கும் நோயாளிக்கு அது கவலைப்படும் அளவில்லை. மொத்தக் கலோரி மிகாமல் இருந்தாலே போதும்.

உணவோடு உடற்பயிற்சி சேராவிட்டால் ஏறும் எடை தொப்பையில் போய் உட்காரும். வாரம் மூன்று நாள், எட்டு வாரம். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது 5 முறை, மூன்று சுற்று, போகப்போக 10 முறை. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துத் தோள்வரை தூக்குவது. வராந்தாவில் நடை, ஆக்சிஜன் 88-க்குக் கீழே போனால் நின்று மூச்சு.

எட்டாவது வாரம்: 45.4 கிலோ. கைப்பிடி 22 கிலோ. நடை 285 மீட்டர். இளைப்பு ஒரு படி குறைவு. எஃப்இவி1 அதே 38%. போட் மதிப்பெண் 7-இலிருந்து 5. எட்டு வாரத்தில் 2 கிலோவுக்கு மேல் ஏறிய சிஓபிடி நோயாளிகள் அதிக காலம் வாழ்கிறார்கள் என்று 1998-இல் நெதர்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. அந்த 2 கிலோவைத்தான் குறி வைத்தோம்.

இரண்டாவது நோயாளி: 92 கிலோ

48 வயதுப் பெண். உயரம் 152 செ.மீ., எடை 92 கிலோ, பிஎம்ஐ 39.8. ஆறு வருடமாக ‘ஆஸ்துமா’. வருடத்துக்கு ஐந்தாறு முறை வீசிங் என்று நெபுலைசரும் ஸ்டீராய்டு மாத்திரையும். தொடங்கும்போது எடை 74. ஒவ்வொரு சுற்று ஸ்டீராய்டுக்கும் பசி கூடி எடை ஏற, ஏறிய எடையால் இளைப்பு கூட, கூடிய இளைப்புக்கு மீண்டும் ஸ்டீராய்டு.

ஸ்பைரோமெட்ரி முதல்முறையாக இப்போதுதான் செய்யப்பட்டது. எஃப்இவி1 68%, மொத்தமாக ஊதும் காற்று 66%, விகிதம் 0.82. இரண்டும் சேர்ந்து குறைந்திருக்கின்றன, விகிதம் நன்றாக இருக்கிறது. இன்ஹேலர் கொடுத்து மீண்டும் ஊதினாலும் மாற்றமில்லை. மூச்சுக்குழாய் அடைக்கவில்லை. நெஞ்சுக்கூட்டின் மேலும் வயிற்றிலும் உள்ள கொழுப்பு, நுரையீரலை விரிய விடவில்லை. பிஎம்ஐ 30-ஐ எட்டும்போதே, இயல்பாக மூச்சை விட்டபின் கூடுதலாக ஊதி வெளியேற்றக்கூடிய இருப்புக் காற்று, பிஎம்ஐ 20 உள்ளவரோடு ஒப்பிட்டால் பாதிக்குக் கீழே வந்துவிடுகிறது. அந்த அளவில் சிறிய மூச்சுக்குழாய்கள் மூச்சின் முடிவில் மூடிக்கொள்கின்றன. அந்தச் சத்தமே ‘வீசிங்’ என்று கேட்கும்.

உண்மையான துப்பு வேறிடத்தில் இருந்தது. விழித்திருக்கும்போதே ஆக்சிஜன் 91%. கழுத்துச் சுற்றளவு 41 செ.மீ. ஹீமோகுளோபின் 16.4. பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி உறங்கிப்போகிறார். குறட்டை நடுவில் நின்று, திணறி எழுவதாகக் கணவர் சொல்கிறார். இரத்தத்தில் பைகார்பனேட் 31. சாதாரண உப்புப் பரிசோதனையிலேயே வரும் இந்த எண் 27-ஐத் தாண்டினால் அடுத்துத் தமனி இரத்தம் எடுக்க வேண்டும். எடுத்தபோது கரியமிலவாயு 52 மி.மீ., ஆக்சிஜன் 62 மி.மீ., பிஹெச் 7.40. உடற்பருமனால் வரும் மூச்சுக்குறை நோய் இது, தூக்கத்தில் மூச்சடைப்பும் உடன். தூக்க ஆய்வில் மணிக்கு 58 முறை மூச்சு தடைப்பட்டது.

இதே நோயோடு 1956-இல் பாஸ்டன் மருத்துவர்கள் நால்வர் பதிவு செய்த நோயாளி மருத்துவ உலகில் பிரபலம். 51 வயது வணிகர், 263 பவுண்டு. சீட்டாட்டத்தில் மூன்று ஏஸும் இரண்டு ராஜாவுமாக ஜெயிக்கும் சீட்டுகள் கையில் வந்தும், ஆட்டத்தை ஆடாமல் உறங்கிவிட்டார். அதனால்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். 800 கலோரி உணவில் எடை இறங்க, உறக்கமும் வீக்கமும் இறங்கின.

இந்தப் பெண்ணுக்கு முந்தைய ஒரு தாக்குதலின்போது ஆக்சிஜனை நிமிடத்துக்கு ஆறு லிட்டர் வைத்து, மூன்று மணி நேரத்தில் எழுப்ப முடியாத மயக்கத்துக்குப் போனதாக டிஸ்சார்ஜ் சீட்டில் இருந்தது. கரியமிலவாயு தேங்குபவர்களுக்கு இலக்கு 88 முதல் 92 வரைதான், 98 அல்ல. இருமல் மருந்தில் கோடீன், தூக்க மாத்திரை இரண்டும் இவர்களுக்குக் கூடாது.

இரவில் சிபாப் (முகமூடி வழியே காற்றை அழுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் கருவி), அழுத்தம் 12 செ.மீ. நீர். முதல் வாரம் முகமூடி மூச்சு முட்டுகிறது என்று கழற்றிவிட்டார். மூக்கு மட்டும் மூடும் சிறிய முகமூடிக்கு மாற்றி, பகலில் டிவி பார்க்கும்போது அரைமணி நேரம் போட்டுப் பழக்கியபின் இரவில் ஐந்து மணி நேரம் தாங்கியது. ஸ்டீராய்டு மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தாமல், உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி ஒடுங்கியிருக்கிறதா என்று காலை நேரக் கார்டிசால் அளவைப் பார்த்துப் படிப்படியாக எடுத்தோம். உணவு 1,300 கலோரி. பட்டினி அல்ல, தினம் 70 கிராம் புரதத்தோடு.

ஆறு மாதத்தில் எடை 85. பைகார்பனேட் 28, கரியமிலவாயு 46. நெபுலைசர் ஒருமுறைகூடத் தேவைப்படவில்லை. ஆனால் 7 கிலோ போதாது. இந்த நோய் முழுதாக விலக எடையில் 25 முதல் 30% இறங்க வேண்டும், அதாவது 23 கிலோவாவது. உணவால் மட்டும் அவ்வளவு இறங்கி நிலைப்பது அரிது என்பதால் இரைப்பை அறுவை சிகிச்சைக்கு அனுப்பியிருக்கிறோம். சிபாப் பழகாமல் அந்த மயக்க மருந்துக்குப் போகக் கூடாது.

உண்மையான ஆஸ்துமா உள்ள பருமனானவர்களுக்கு இத்தனை இறங்க வேண்டியதில்லை. 2000-இல் பின்லாந்தில் 38 பேரை வைத்துச் செய்த ஆய்வில், எட்டு வாரக் குறை கலோரி உணவு எடுத்தவர்களின் நுரையீரல் அளவும் அறிகுறிகளும் மேம்பட்டன. 5 முதல் 10% குறைந்தாலே பலருக்கு இன்ஹேலர் தேவை குறைகிறது.

இடைப்பட்டவர்கள்

‘சிஓபிடி இருக்கு, 78 கிலோ, குறைக்கலாமா?’ என்று கேட்பவர்களே அதிகம். எஃப்இவி1 50%-க்கு மேல் இருந்தால் மெதுவாகக் குறைக்கலாம், தசைப் பயிற்சியோடு. அதற்குக் கீழே போனவரைக் குறைக்கச் சொல்லத் தயங்க வேண்டும். 1999-இல் கோபன்ஹேகன் ஆய்வில், முற்றிய சிஓபிடியில் பிஎம்ஐ கூடக்கூட இறப்பு குறைந்தது. கொழுப்பு காப்பாற்றுகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தசை மிச்சம் இருப்பவர்களும், நோய் இன்னும் உருக்கித் தின்னாதவர்களும்தான் அந்த எடையில் இருக்கிறார்கள். தூக்க மூச்சடைப்போ கட்டுக்கடங்காத சர்க்கரையோ இருந்தால் மட்டும், புரதம் குறையாமல், மாதம் ஒரு கிலோவுக்கு மிகாமல் குறைக்கலாம்.

பிந்தைய நிலை

ஐந்தாம் மாதம் முதல் நோயாளிக்குச் சளிக்காய்ச்சல் பிடித்து நோய் திடீரென்று தீவிரமானது. ஸ்டீராய்டு மாத்திரையான ப்ரெட்னிசலோன் 40 மி.கி., ஐந்தே நாள், அதற்கு மேல் நீட்டவில்லை. ஒன்பது நாளில் 1.3 கிலோ போனது. உணவு எழுதிய பழைய நோட்டை எடுத்து அதே ஆறு வேளையை, பாதி அளவில் தொடங்கி, மூன்று வாரத்தில் திரும்பப் பிடித்தார். இப்போது 46.1 கிலோ. பீடி இல்லை. ஃப்ளூ, நியூமோகாக்கல் தடுப்பூசி இரண்டும் போட்டாயிற்று.

இரண்டு வீட்டுச் சுவரிலும் நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஞாயிறு காலை, மலம் கழித்தபின், சாப்பிடும் முன், சிமென்ட் தரையில் வைத்த தராசில், அதே வேட்டி அல்லது அதே நைட்டியோடு. முதல் நோயாளியின் தாளில்: ஒரு மாதத்தில் ஒரு கிலோ இறங்கினால் போன் செய்ய வேண்டும். இருவர் தாளிலும்: திடீரென்று எடை ஏறி, செருப்பு வார் காலில் தடம் பதித்தால், அது சதை அல்ல நீர், அன்றே வர வேண்டும்.